தங்கும் படி

என் அண்ணன் கணக்குப் பார்க்கும் கம்பெனியில்தான் என் வீட்டுக்காரர் கொதிகலன் ஃபிட்டர். போன வருடம் வெளியூர் ஆலைக்கு அனுப்பினார்கள். சம்பளம் போக, போய்வர ஒரு படி, தங்குவதற்கு ஒரு படி. "ரெண்டே மாசம், தற்காலிகம்தான்" என்றான் அண்ணன். அந்த ரெண்டு மாசம் ரப்பராக இழுத்துக்கொண்டே போனது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை தரத் தயாராக இருந்தார்கள். ரெண்டு மாசத்துக்காகக் குடும்பத்தைப் பெயர்ப்பானேன் என்று, மடச்சி நான், வேண்டாமென்றேன்.

இந்த மாதம் அவர் சம்பளத்தில் பெரிய துண்டு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கும் படிக்கு வரிம்மா" என்றான்.

"அது அப்படியே ரூம் வாடகைக்குப் போற காசு. அது எப்படி வருமானமாகும்?"

"கொஞ்ச நாள் வேலைன்னா ஆகாது. ஒரு வருஷத்துக்கு மேலன்னு அனுப்பினா, அதுதான் அவர் வேலை செய்ற ஊர்னு கணக்கு. அங்க வாடகை அவரோட சொந்தச் செலவு. கம்பெனி குடுத்தா சம்பளம் மாதிரிதான். முதல் மாசத்துலேருந்தே பிடிச்சிருக்கணும், கோட்டை விட்டுட்டோம். இப்ப சேர்த்துப் பிடிச்சாச்சு."

"முதல் மாசத்துலேருந்தா? ரெண்டு மாசம்னுதானே சொன்ன?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "மூணு வருஷம்னுதான் அனுப்பினோம்."

"அடப்பாவி! கூடப் பிறந்தவ தலையிலயே மிளகாய் அரைச்சிருக்கியே!"

"என்னைத் திட்டாத. மாப்பிள்ளைதான் சொல்ல வேணாம்னாரு. தெரிஞ்சா நீ பெட்டி படுக்கையோட அங்க வந்து நின்னுடுவியாம்."

அவர் தங்கும்படிதான் போனார் என்பது வரி ஆபீசுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. கட்டிக்கொண்டவளுக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. அவர்தான். "சாப்ட்டியா? இன்னும் ரெண்டே மாசம், பல்லைக் கடிச்சிட்டு இரு."

"அண்ணன் இங்கதான் இருக்கான். வரிக் கணக்கெல்லாம் சொன்னான்."

எத்தனை ராத்திரி இந்த மனிதருக்காக அழுதிருக்கிறேன்!

"உங்க ஊரு அதுதானாம், சட்டமே சொல்லிடுச்சு. அங்கயே இருங்க" என்று வைத்துவிட்டேன்.

அண்ணன் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டேன். அவன் பாதிதான் சாப்பிட்டிருந்தான்.