க்ரீமா, கத்தியா: நீச்சலக்காவின் இடது கால்

1.

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மருத்துவமனையில் ஒரு பெண் கணவரிடம், "க்ரீமா, கத்தியா? சீக்கிரம் சொல்லுங்க" என்றார், திரைச்சீலைக் கடையில் பச்சையா நீலமா என்று கேட்பதுபோல. எழுத எனக்குக் கை பரபரத்தது.

முதல் வரி: "அவள் கண்களில் மரணத்தின் நிழல்..." (அடித்துவிட்டேன். நிழலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.)

2.

நேராகவே சொல்கிறேன். அந்தப் பெண் நீச்சல் சொல்லித் தருபவர், எல்லோருக்கும் நீச்சலக்கா. இடது காலில் பல வருட நிணநீர் வீக்கம். காலையில் இறுக்கமான காலுறையை மாட்டாவிட்டால் மாலைக்குள் கால் தூணாகிவிடும். அதே காலின் முன்பக்கத்தில் இப்போது ஒரு சிவப்புத் திட்டு. தோல் புற்றுநோய், நல்லவேளை, மேலோட்டமானது. வெட்டினால் அநேகமாக ஒரேயடியாகப் போய்விடும், ஆனால் வீங்கிய காலில் புண் லேசில் ஆறாது. க்ரீம் என்றால் கத்தி வேண்டாம். வாரக்கணக்கில் தோல் வெந்து பொருக்குத் தட்டும், உத்தரவாதமும் கொஞ்சம் குறைவு. எப்படிப் பார்த்தாலும் நீச்சல் குளத்துக்கு லீவு. மதியம் இவர்கள் வீட்டுக்கு டாக்டர் போன் செய்வார். பதில் சொல்லியாக வேண்டும். கதை எழுதும் உரிமையில் நானும் அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

3.

(கணவரை வில்லனாக்கப் பார்த்தேன். மனுஷன் ஒத்துழைக்கவில்லை.) அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்.

"சுரண்டாம மேல பூசுனா நிக்காதும்மா. கத்திதான்."

"என் காலு மாதிரி ஓதம் ஏறி ஊறிப்போன சுவரைச் சுரண்டுவீங்களா?"

"ஐயோ, காரை பேந்துக்கிட்டே போகும்!"

"அப்ப க்ரீமா?"

"ஓதத்து மேல பெயிண்டும் நிக்காதே!"

பெயிண்டர் தலையில் அடித்துக்கொண்டார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவர் மனைவியின் காலைத் தொட்டு, "பயமா இருக்கும்மா" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

4.

முடிவு அ: வெட்டினார்கள். கோடை வகுப்பு தொடங்கியும் கட்டு இன்னும்... (வேண்டாம்.)

முடிவு ஆ: க்ரீம் பூசினார். திட்டு மெல்ல மெல்ல...

வாசகரே, நீங்களே ஒன்றைத்...

"யாரைக் கேக்குறீங்க?" நீச்சலக்கா என் பக்கம் திரும்பிவிட்டார். "தினம் எனக்கு சாக்ஸ் மாட்டி விட உங்க வாசகருங்களா வருவாங்க?"

சாக்ஸ்! அட, அதை நான் யோசிக்கவே இல்லையே! அதற்குள் போன் அடித்தது.

"டாக்டர், க்ரீம் போட்ட இடத்துல டைட் சாக்ஸ் போடலாமா? கூடாதுன்னா கால் வீங்குமே, அதுக்கு என்ன வழி? வெட்டினாலும் இதே கேள்விதான்."

மறுமுனையில் டாக்டர் தாளைப் புரட்டினார். "இதை நாம முதல்லயே பேசியிருக்கணும். இருங்க, வீக்கத்தைப் பாக்குற நர்ஸையும் லைன்ல கூப்பிடுறேன்."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவர் கேட்கிறார், "ம்" கொட்டுகிறார், இன்னொரு கேள்வி போடுகிறார். முகம் தெளிகிறது!

"சரி, முடிவு பண்ணிட்டேன்" என்றவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "கதை எழுதுறவரே, கொஞ்சம் வெளிய இருங்க. இது என் காலு."

பெயிண்டரும் எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்தார். "நீங்க இல்லைங்க, நீங்க உக்காருங்க."

கதவு சாத்திக்கொண்டது. உங்களையும் சேர்த்துத்தான் சொன்னார், வாசகரே. எழுந்திருங்கள், போவோம்.