அந்தரத்தில் நின்ற தேங்காய்

கேரள எல்லையோர வடகரப்பதியில் குப்பண்ணன் நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் வைத்த தேங்காய், தண்ணீர் இருக்கும் இடம் வந்ததும் எழுந்து நின்றது. அது நீரோட்டம் பார்க்கிற எல்லோர் கையிலும் நடப்பதுதான். அவர் கையை எடுத்த பிறகும் அந்தரத்திலேயே நின்றதுதான் புதுசு. அதை ஒரு முழம் நகர்த்தி வைத்துவிட்டுப் போர் போட்டார்கள், தண்ணீர் பீய்ச்சியடித்தது. மருமகள் கிருத்திகா சந்தோஷத்தில் அழுதாள், அந்த வாரமே தக்காளி நட்டாள். செடி பிழைத்தால் கணவன் கோகுல்நாத் ஊரோடு இருப்பான். காய்ந்தால் போன வருடம் போலக் கோயமுத்தூர் கம்பெனிக்குப் போய்விடுவான்.

ஊர் தண்ணீரைப் பார்க்கவில்லை, தேங்காயைப் பார்த்தது. கமிட்டி கூடி நீரோட்டத்தம்மன் என்று பெயர் வைத்து, மூன்று வேளை அபிஷேகம் என்றது. போர் தண்ணீர் முழுக்கத் தேங்காய் தலையில் விழுந்து, ஓடையில் இறங்கி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனது. காயைக் கும்பிடவில்லை, காயில் குடியேறியவளைக் கும்பிடுகிறோம் என்றார் பூசாரி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியை லிஜி, மனிதர்கள் தாங்களே ஒரு பொருளுக்குச் சக்தியைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை மறந்து அதன் காலில் விழுகிறார்கள் என்று விளக்கினார். கிளம்பும் முன் தன் புது மனையில் தண்ணீர் இருக்குமா என்று தேங்காயிடம் மெதுவாகக் கேட்டார். மனநல மருத்துவர் சிவப்பிரகாஷ், கைவிட்டுப் போன ஒன்றுக்குப் பதிலாக மனம் பற்றிக்கொள்ளும் பொருள் இது என்றார். கார் சாவியை அதன்மேல் ஒருமுறை ஒற்றி எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் சொன்னது கிருத்திகாவுக்குச் சரியாகவே பட்டது. ஒருவரும் வால்வைத் தக்காளிப் பக்கம் திருப்பவில்லை.

"மாமா, செடி காயுதுங்க" என்றாள் குப்பண்ணனிடம்.

"அம்மனுக்கு ஊத்துனது போக மிச்சமிருந்தா உட்டுக்கலாம் அம்மிணி."

மிச்சம் இருக்கவில்லை. கோகுல்நாத் பையில் துணியை அடுக்கிய அன்று காலை, கிருத்திகா தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தாள். மாமனார் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னி நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாம் இட்லியிலேயே வீட்டார் மூவரும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியிருந்தார்கள்.

கமிட்டி அலறியடித்து ஓடி வந்தது.

"சிரட்டைய எடுத்துக்குங்க. அதுலயும் அம்மன் இருப்பாளுங்க" என்றாள் கிருத்திகா.

மேளத்தோடு எடுத்துப் போய்க் கோயில் கட்டினார்கள். சிரட்டை கொள்ளுமளவுதான் அபிஷேகம். மீதித் தண்ணீர் தக்காளிக்குப் பாய்ந்தது. கோகுல்நாத் பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி கொடியில் போட்டான். நீரோட்டம் உள்ள இடத்தில் அந்த வீட்டார் கால் இன்னும் மண்ணில் படுவதில்லை. தக்காளி பறிக்கும் நாளில் குனிந்தாலும் எட்டாது என்பதால் புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பில் ஆளுக்கொரு கல்லைக் கட்டிக்கொள்கிறார்கள்.