அரை நொடி முன்னால் ஊதிய விசில்

ஹாக்கி ஆட்டம் முடிய நாற்பது நொடி இருந்தது. கிடங்கு அணி ஒன்றுக்கு இரண்டு எனப் பின்தங்கியிருந்தது. டிரா செய்தாலே புள்ளிக் கணக்கில் இறுதிப் போட்டிக்குப் போய்விடும். போனால், ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் மூட்டை தூக்கும் கேப்டனை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எல்லோருக்கும் அவன் நெட்டை.

எதிரணியின் கோல் இருந்த பாதி மைதானத்துக்கு நடுவர், தபால் பிரிக்கும் வேலை பார்க்கும் பெண். ஒருவர் தவறு செய்தாலும் பந்து எதிரணியிடமே போகுமானால், ஊதாமல் ஒரு கணம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஊதிவிட்டால் அதற்குப் பிறகு விழும் கோல் செல்லாது. பதினோரு வருடமாகப் பொறுத்து ஊதியவள்தான். போன வாரம் அப்படிப் பொறுத்ததில் ஆட்டக்காரர்களுக்குள் கைகலப்பாகிவிட்டது. சங்கச் செயலாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "விசில் ஊதறதுக்கா, இல்ல கழுத்துக்கு நகையா?"

கோல் முன்னாலிருக்கும் வட்டத்துக்குள் எதிரணித் தடுப்பாட்டக்காரரின் ஷூவில் பந்து பட்டது; காலில் பட்டால் தவறு. உடனே ஊதினாள். பட்ட பந்து உருண்டு நெட்டையின் மட்டைக்கே போனது. விசில் சத்தம் அடங்குவதற்குள் அவன் அதை வலைக்குள் தள்ளியிருந்தான்.

கோல் இல்லை, பதிலுக்குக் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு அடிக்கும் பெனால்டி கார்னர் என்று கை காட்டினாள்.

"லெட்டரை லேட்டாக் குடுப்பீங்க, விசில் மட்டும் சீக்கிரமா?" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

நேரம் முடிந்தது. ஆனாலும் கார்னரை முடித்தாக வேண்டும். நெட்டை எப்போதும் பந்தை மட்டையால் இழுத்துச் சுழற்றி எறிவான். அப்படி எறிந்தால் எவ்வளவு உயரமும் போகலாம். அன்று ஆத்திரத்தில் ஓங்கி அடித்தான். அடித்தால், முதல் அடி கோலுக்குள் இருக்கும் முழங்கால் உயரப் பலகைக்கு மேலே போகக் கூடாது. பந்து தொடை உயரத்தில் வலையைக் குத்தியது.

உயரம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு நடுவர் தூரத்தில் இருந்தார். கோல் என்று கையை நடுக்கோட்டுப் பக்கம் நீட்டினால் போதும், பறித்ததைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். கை பாதிவரை எழுந்தது. பிறகு அதை இறக்கி, கோல் கொடுக்காமலே ஆட்டம் முடிந்ததென்று ஊதினாள்.

நெட்டை பையோடு அவள் அறிக்கை எழுதும் மேசைக்கு வந்தான். "ரெண்டாவது உசரம்தான் அக்கா. அடிக்கும்போதே தெரிஞ்சுது. முதலாவது?"

"நான் ஊதாம இருந்திருந்தா கோல்தான்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

ஆட்ட அறிக்கையில் அப்படியே எழுதி, அவனுக்கும் ஒரு நகல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவனோடு மேனேஜர் அறைக்கும் போனாள். அவர் நின்றபடியே படித்தார்.

"தப்புன்னு எழுதியிருக்கீங்க மேடம். இதனால ரிசல்ட் மாறுமா?"

"மாறாது சார்."

"அப்புறம் நான் என்ன பண்ண?" காகிதத்தை அவனிடமே நீட்டினார்.

வெளியே லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. நெட்டை காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"ஃபைனலுக்கு நீங்கதான் அம்பயரா அக்கா?"

"இல்ல. லிஸ்ட்லேருந்து எடுத்துட்டாங்க."

"ஏன்?"

"தப்புன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்ல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"டேய் நெட்டை! லோடு நிக்குது, அங்க என்ன பேச்சு?" என்றார் மேஸ்திரி.

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே போனான்.