பல் டாக்டருக்கு ஓர் உயிர்ச்சான்று

அக்கம்பக்கத்து விஷயங்களில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கஸ்தோன் முசியேவின் வீடு எதிர்வீடு. அது கணக்கில் வராது. எங்கள் மாடியில் துணி காயப்போடும் கொடி சரியாக அவருடைய முன்னறை ஜன்னலுக்கு நேரே கட்டப்பட்டிருக்கிறது. கட்டியது என் வீட்டுக்காரர். இடம் சொன்னது நான்.

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. இவர் பிரெஞ்சு ராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் வந்து 'சொல்தா வீடு', அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். அந்தப் பென்ஷன் வாங்குகிறவர்கள், தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருடா வருடம் நேரில் போய் நின்று, கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி பிரான்சுக்கு அனுப்பவேண்டும். போன வருடம் முசியே அந்தத் தாளில் தேதி எழுத மறந்துவிட்டார். மூன்று மாதம் பிரான்ஸ் கணக்கில் செத்துப்போயிருந்தார். அந்த மூன்று மாதமும் தினம் காலையில் எங்கள் தெருவில் வாக்கிங் போய்க்கொண்டுதான் இருந்தார் என்பதை நானே சாட்சி சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. அதிலிருந்து முத்திரை விழாத எதையும் மனிதர் நம்புவதில்லை.

இந்த ஜூனில் அவர் தன் முன்னறையைத் தெருப் பிள்ளைகளுக்கு நூலகமாக்கினார். எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை. புதுப் புத்தகங்களாகத் தேடி வாங்குவதும், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எதைப் படிக்கலாம் என்று பரிந்துரைப்பதும் நிர்மலாவின் வேலை. அடுத்த சந்தில் குடியிருக்கிறாள், ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவள் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லிக் கேட்கவேண்டும்.

"நாப்பதாம் பக்கத்துல ஒரு ஆடு லிப்ட்டுக்குள்ள மாட்டிக்குது. கூடவே ஒரு இன்ஸ்பெக்டரு. அதுக்கு மேல சொல்லமாட்டேன்" என்பாள். ஐந்து கைகள் நீளும். அந்த ஆடு என்ன ஆயிற்று என்று மாடியில் எனக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முசியேவுக்கு இந்த வாய்ப்பேச்சுப் பரிந்துரை போதவில்லை. "நீங்க நல்லாருக்குன்னு சொல்றீங்க மதாம். புக்கு உயிரோட இருக்குதுன்னு யாரு சாட்சி?" என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை. முழுசாகப் படித்த பிள்ளை நேரில் வந்து, அவர் மேஜைக்கு முன்னால் நின்று, அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி, அட்டையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அப்புறம் முத்திரை: 'உயிருடன் உள்ளது'. ரப்பர் ஸ்டாம்பைக் காசு கொடுத்துச் செய்திருந்தார். முத்திரை விழுந்த புத்தகம் தெருவைப் பார்த்த ஜன்னல் தட்டுக்கு வரும். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மதியத்துக்குள் ஒரு முத்திரையும் விழாத புத்தகம் செத்ததாகக் கருதப்பட்டு, தவளக்குப்பத்தில் அவர் தம்பி வீட்டுப் பரணுக்குப் போய்விடும்.

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. டிசம்பர் பாதிக்குள் ஜன்னல் தட்டு நிரம்பிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பின்னால் நின்றது. நீல அட்டை, ஒல்லிப் புத்தகம்: 'வைத்திக்குப்பத்துப் பல் டாக்டர்'. எழுதியவர் வடகரையாள் என்று போட்டிருந்தது. எல்லாப் புத்தகத்துக்கும் கையை ஆட்டி ஆட்டிப் பேசும் நிர்மலா, இது வந்தால் மட்டும் "இதுவும் ஒரு புக்கு" என்று சொல்லி அடுத்ததற்குத் தாவிவிடுவாள். டீச்சரே இப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளை தொடும்?

காரணம் எனக்குத் தெரியும். நவம்பரில் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்த பார்சலைக் கூரியர் பையன் எங்கள் வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போனான். பார்சல் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது. அதாவது என் கைக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்துக் கிழிந்திருந்தது. உள்ளே அந்த நீலப் புத்தகம் பத்துப் பிரதி, மேலே ஒரு கடிதம்: 'நூலாசிரியருக்கான பிரதிகள்'. அவள் வருவதற்குள் இருபத்திரண்டு பக்கம் படித்துவிட்டேன். பல்வலி வந்த சுறா ஒன்று வைத்திக்குப்பம் கரையில் புது டாக்டரைத் தேடி வந்து, மீன் வாங்க வந்த கூட்டத்தோடு வரிசையில் நிற்கிறது. அந்த இடத்தில் கேட் சத்தம் கேட்டது. பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு மூடினேன்.

தன் முதல் புத்தகத்தைத் தானே மெச்சிக்கொள்ளக் கூச்சம் அவளுக்கு. அது பரணுக்குப் போவதைப் பார்க்கத் தெம்பும் இல்லை. சனிக்கிழமை போகப் போக அவள் பார்வை அந்தப் பின் தட்டுக்கே போய் வந்தது. மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்காமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

முதலில் நானே போய் நின்றேன். "நான் படிச்சிட்டேன் முசியே. முத்திரையக் குத்துங்க."

"உங்க வயசு?"

"அது எதுக்கு?"

"பதினாலு வரைக்குந்தான் மதாம். ரூல் ரூலுதான்."

ஆகவே மொர்கானைப் பிடித்தேன். கோடிவீட்டுப் பெண், பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் பிரெஞ்சு. தமிழைச் சரளமாகப் பேசுவாள், படிப்பதற்கு மட்டும் விரலை வைத்து ஊர்ந்துபோவாள். முசியேவுக்குத் தூரத்து உறவு என்பதால் சந்தேகப்படமாட்டார் என்று நினைத்தேன். ஒரு டப்பா முறுக்கு கைமாறியது. கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தேன். இருபத்திரண்டாம் பக்கத்துக்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனால் சுறாவும் டாக்டரும் ஒரே இடத்தில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

மொர்கான் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்றாள். நான் ஜன்னலோரம் பேப்பர் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

"முடிவு என்னா?" என்றார் முசியே.

"சுறா டாக்டரத் தின்னுடுது."

முசியே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் மனிதர் ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அறுபத்தி நாலாம் பக்கத்துல டாக்டரு காரைக்காலுக்கு மாத்தலாகிப் போறாரு. சுறா தின்ன மனுசன் எப்பிடிம்மா பஸ் ஏறுனாரு?"

மொர்கான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயோரம் முறுக்குத்தூள். "ஆன்ட்டி அப்பிடித்தான் சொன்னாங்க!" புத்தகம் எடுக்க வந்திருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

செத்தவர் பேரில் உயிர்ச்சான்று கொடுக்கிற குற்றத்துக்குச் சமம் இது என்று முசியே எழுந்து நின்றே சொன்னார். புத்தகத்தின் அட்டையில் சிவப்புப் பென்சிலால் 'போலிச் சான்று முயற்சி' என்று எழுதி, புத்தகத்தோடு சேர்த்துத் தனியாக ஒரு கூடையில் போட்டார். அந்த நேரம் பார்த்து நிர்மலா உள்ளே வந்தாள். கூடையைப் பார்த்தாள். அன்று ஒரு புத்தகத்தையும் பரிந்துரைக்காமல் தலைவலி என்று போய்விட்டாள். உதவி செய்யப் போனவள் நான். இருந்த ஒரு கயிற்றையும் அறுத்துவிட்டேன்.

மூன்று நாள் மாடிக்கே போகவில்லை. துணியெல்லாம் உள்ளேயே காய்ந்தது.

முப்பத்தொன்றாம் தேதி பதினொன்றே முக்கால். தவளக்குப்பத்துக்குப் போகவேண்டிய அட்டைப்பெட்டி வாசலில் தயாராக இருந்தது. நிர்மலா புத்தகங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். போன வாரப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க நானும் போயிருந்தேன். மொர்கான் மூச்சிரைக்க ஓடிவந்து நீலப் புத்தகத்தை மேஜைமேல் போட்டாள். கூடையிலிருந்து அதை அவள் எடுத்துப்போனது யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

"முழுசாப் படிச்சிட்டேன். படிக்கப் பத்து நாளாச்சு. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்க இல்ல? இப்ப கேளுங்க."

முசியே கேட்டார். எத்தனை பல், எந்த மருந்து, வரிசையில் சுறாவுக்கு முன்னால் நின்றது யார். எல்லாம் டக் டக்கென்று வந்தது.

"புக்கு எப்பிடி?"

"முடிவு சரியில்ல."

துடைத்துக்கொண்டிருந்த துணி நிர்மலாவின் கையில் நின்றது.

"சுறாவுக்கு இன்னும் ஒரு பல்லு வலிச்சிக்கிட்டே இருக்குது. டாக்டரு பாட்டுக்கு காரைக்காலு போயிட்டாரு. அத யாரு புடுங்குறது? எழுதுனவங்களுக்கு அறிவே இல்ல."

"அதப் புடுங்கவேணாம்மா" என்றாள் நிர்மலா. "சுறாவுக்குப் பல்லு தானா விழும், புதுசு மொளைக்கும். அதத் தெரிஞ்சிக்கிட்டுதான் டாக்டரு தைரியமாக் கெளம்புறாரு."

"புக்குல அப்பிடி இல்லியே."

"இருந்திச்சி! பக்கம் ஜாஸ்தியாப் போவுதுன்னு அந்த அத்தியாயத்தையே தூக்கிட்டாங்க. நானும் எவ்ளோ சொல்லிப் பாத்தேன்..."

முசியே மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தூக்குனது உங்களுக்கு எப்பிடித் தெரியும் மதாம்?"

நிர்மலாவின் முகம் தாமரைபோலச் சிவந்தது என்று எழுத ஆசைதான். தக்காளிபோல என்பதுதான் உண்மை. மொர்கான் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அய்யோ, டீச்சர்! அந்த அத்தியாயம் வூட்டுல இருக்குதா? குடுங்க, படிச்சிட்டுத் தரேன்."

முசியே வாட்சைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்தாறு. சிவப்பில் எழுதிய பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார். மொர்கான் நாக்கைத் துருத்திக்கொண்டு கோணல் எழுத்தில் எழுதினாள்: 'முடிவு சரியில்லை. சுறாவுக்காகப் படிங்க.' முத்திரை விழுந்தது. பிறகு முசியே அதன் கீழே, தேதியை முதலில் எழுதிவிட்டு, 'நூலாசிரியர் நேரில் தோன்றினார்' என்று சேர்த்தார். அதன்மேலும் ஒரு குத்து: 'உயிருடன் உள்ளது'. நிர்மலா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள், புத்தகம் துடைத்த அதே துணியால்.

இத்தோடு நான் கிளம்பியிருக்கவேண்டும்.

"அக்கா" என்றாள் நிர்மலா. "அன்னிக்கு இவளுக்குப் பாதிக் கதைய சரியாச் சொல்லிக்குடுத்தீங்களாமே. புக்க யாருமே எடுக்கல. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சி?"

எனக்குக் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் மொர்கான் வந்து ஒரு நீலப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, முறுக்கு டப்பாவை மறுபடி நிரப்பிக்கொண்டு போனாள். முதல் பக்கத்தில் நிர்மலாவின் கையெழுத்து: 'செல்வாம்பாள் அக்காவுக்கு அன்புடன். இருபத்துமூன்றாம் பக்கத்திலிருந்து படிக்கவும்.'

ஒரே மூச்சில் படித்து முடித்தேன். மொர்கான் சொன்னது சரிதான், முடிவு சரியில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது மொத்தமே ஆறு பேரிடம்தான். அதில் நாலு பேர் வீட்டுப் பிள்ளைகள், அப்படி என்னதான் முடிவு என்று பார்க்க, இப்போது எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறார்கள்.