சரிவைச் சுற்றிப் போகிற வழி

1.

“அந்தக் குப்பைமேட்டுல அப்படி என்னத்தடி மோந்து பாத்துக்கிட்டு அலையிற?”

கடை வாசலில் ஓபல் இப்படிக் கேட்டபோது ரோடா சிரித்து மழுப்பினாள். ரொட்டிப் பொட்டலத்தோடு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது.

2.

தொடக்கம்: ஒஹாயோவின் பனிமூட்டத்தில் அந்த மேடு, தூங்கும் மிருகம்போல—

வேண்டாம். அது குப்பை. மேலே மண்ணும் புல்லும் போர்த்தியிருக்கிறது. உள்ளே அழுகி மீத்தேன் என்ற எரிவாயு கிளம்புகிறது. குழாய் இறக்கிய இடங்களில் அதை உறிஞ்சி எரிக்கிறார்கள். மற்ற இடங்களில் கசிகிறதா என்று, கருவியைத் தரையோடு பிடித்து நடந்து பார்ப்பது ரோடாவின் வேலை. கீழ்ச்சரிவில் மட்டும் அவள் நடப்பதில்லை. கால் வழுக்கும் இடத்தை ‘ஆபத்தான பகுதி’ என்று எழுதி விட்டுவிடலாம். வேலை விதிமுறையே இடம் கொடுக்கிறது.

(அந்தச் சரிவில் வாயு கசிந்து புல் கருகிக் கிடக்கிறது. அதற்குக் கீழே ஓபலின் வீடு. வாயு மண்ணுக்குள்ளேயே நகர்ந்து வீட்டுக்குள் புகும். அடைபட்ட இடத்தில் ஒரு பொறி போதும், வெடிக்கும். இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். நானும் சுற்றிக்கொண்டுதான் வருகிறேன்.)

3.

மேட்டின் மேற்பார்வையாளன் ட்வைட், ரோடாவின் அண்ணன். முதலில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். ஒட்டவில்லை.

“சரிவுல ரெண்டு குழாயாவது எறக்கச் சொல்லுண்ணே.”

“அடுத்த வருஷம் அங்கயும் கொட்டப் போறோம். இப்ப எறக்கிட்டுப் பொறவு பிடுங்கவா?”

“புல்லெல்லாம் செத்துப்போச்சு.”

“ஏன், உன் மாடு பட்டினி கெடக்கா? அங்க எறங்கி அளந்தேன்னு வையி, மொத்த மேட்டையும் மூடிருவாங்க. உன் வேலை, என் வேலை, ஊர்ல பாதிப் பேரு வேலை. அதுசரி, இத்தன நாளா ‘ஆபத்து’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு? நானா?”

4.

முடிவு ஒன்று: ரோடா அளக்கிறாள், குழாய்கள் இறங்குகின்றன, புல் துளிர்க்—

(எழுதும்போதே கை கூசியது.)

முடிவு இரண்டு: ஓபலின் நிலவறையில் வெந்நீர் பாய்லரின் சுடர்—

(மாட்டேன். அந்த வீட்டில் அவள் பேத்தியும் இருக்கிறாள்.)

5.

ஆகவே ரோடாவைக் கருவியோடு அந்த நிலவறைக்கு அனுப்பினேன். அதற்குமேல் என் கையில் இல்லை.

“என் வீட்டையுமா மோந்து பாக்கணும்? நேத்து முட்டைக்கோஸ் வேகவச்சேன், அதான் நாறும்.” பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓபலும் பின்னாலேயே இறங்கினாள்.

ரோடா சுவர் விரிசலில் கருவியை வைத்தாள். எண் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.

“என்னடி சொல்லுது அது?”

ரோடாவின் வாயில் மூன்று பதில்களை வைத்துப் பார்த்தேன். ‘வெளிய ஓடு.’ ‘ஒண்ணுமில்ல.’ ‘கருவி கோளாறு.’ ஒன்றையும் அவள் சொல்லவில்லை. முடிந்தால் நீங்கள் ஒன்றை வையுங்கள். சீக்கிரம். அவள் கட்டைவிரல் எண்ணை மறைத்துவிட்டது. ஓபல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஓபல் குழந்தையின் தலையைப் போர்வையால் மூடினாள். ரோடாவைத் தாண்டிப் படியேறினாள். செருப்புகூடப் போடாமல் வெளியே மழையில் இறங்கி நடந்தாள்.