தரை வரிசை, இடமிருந்து இரண்டாவது

எழிலரசனின் விசிட்டிங் கார்டில் அவர் பெயரைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பட்டங்கள் நான்கு வரி, பதவிகள் மூன்று வரி. அதற்கும் கீழே, செல்போன் எண்ணின் தலையில் இடித்துக்கொண்டு பெயர் நிற்கும். பட்டங்களில் ‘நாடகச் செம்மல்’ உட்பட இரண்டை அவர் தலைவராக இருக்கும் சங்கமே அவருக்கு வழங்கியது. கொடுத்தவர், வாங்கியவர், கைதட்டச் சொன்னவர் மூவரும் ஒருவரே என்பதால் விழா சீக்கிரம் முடிந்ததாம்.

அந்தக் கார்டைத்தான் ஏம்பலத்தில் தையலம்மாளிடம் நீட்டினார். தையலம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. அங்கன்வாடியில் முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்குத் துடைத்து, ஓய்வு பெற்றவள். கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மகள் பிரியதர்ஷினியிடம் கொடுத்தாள்.

“வில்லியனூர் ஸ்ரீ கோகிலாம்பிகா விநோத நாடக சபா சைகோனுக்குக் கப்பலேறிப் போய் வெற்றியோடு திரும்பி நூறு வருஷம் ஆகுதும்மா. அந்த நினைவா அன்னைக்கு எடுத்த குரூப் போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அது உங்க வூட்டுல இருக்குன்னு கேள்விப்பட்டேன்” என்றார் எழிலரசன்.

டி.வி.க்கு மேலே அது மாட்டியிருந்தது. மொத்தம் பத்தொன்பது பேர். நடுவில் நாற்காலிகளில் முதலாளி, ஆர்மோனிய வாத்தியார், ராஜபார்ட். அந்த ராஜபார்ட்தான் எழிலரசனின் தாத்தா. அட்டைக் கிரீடத்தைக் கழற்ற மனமில்லாமல் அதோடேயே உட்கார்ந்திருந்தார். பின்னால் நிற்பவர்கள் ஒரு வரிசை. நாற்காலியும் கிடைக்காமல் நிற்க உயரமும் போதாதவர்கள் தரையில். அந்தத் தரை வரிசையில் இடமிருந்து இரண்டாவதாகச் சம்மணம் போட்டிருந்தவர் ஏகாம்பரம், தையலம்மாளின் அப்பா. அப்போது பதினெட்டு வயது. தோழிப் பார்ட். விசிறியோடு ராணிக்குப் பக்கத்தில் நின்று, “அப்படியே ஆகட்டும் தேவி” என்று சொல்வதற்காகச் சைகோன் வரை போய்வந்தவர்.

மற்ற பதினெட்டுப் பேரும் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி விறைத்திருக்க, ஏகாம்பரம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்பல் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும். ஒரு காது மட்டும் திறந்த கதவு போல வெளியே நிற்கும்.

அவர் சாகும்போது தையலம்மாளுக்கு மூன்று வயது. நேரில் பார்த்த முகம் அவளுக்கு நினைவில் இல்லை. வேறு படமும் கிடையாது. அப்பா என்றால் அந்தச் சிரிப்புதான். பரீட்சைக்குப் போகும்போதும் கல்யாணத்தன்றும் புருஷனை எடுத்துப்போன மறுநாளும் அதன் முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. சும்மா, “வரேம்பா” என்பதுபோல.

“அத கீழ எறக்குனதே இல்லீங்களே” என்றாள்.

“ரெண்டே நாள். வில்லியனூர்ல நம்ம ஜெயசீலன் ஸ்டுடியோவுல காப்பி எடுத்துட்டு, ஒரு தூசி படாம நானே கொண்டாந்து மாட்டிடுறேன். உங்கப்பா முகம் ஊருக்கே தெரிய வேணாமா? பேரு போட்டு, பெருசாக்கி, மேடையில வைக்கிறோம்மா.”

பேரு போட்டு என்றதும் தையலம்மாள் கொஞ்சம் இளகினாள். தோழிப் பார்ட்டுக்கு நோட்டீசில்கூடப் பேர் போட மாட்டார்கள் என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தவள்.

இறக்குவதற்கு முன்னால் எழிலரசன் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை நீட்டி, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பிறகு படத்தைப் பழைய புடவையில் சுற்றிக் காரில் ஏற்றினார்கள். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது.

இரண்டு நாள் மூன்று வாரமானது. பிரியதர்ஷினி திருபுவனை கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தினம் ஒரு போன் போடுவாள். “கலர் கரெக்‌ஷன்ல இருக்கும்மா” என்பார் எழிலரசன். அடுத்த வாரம் “சென்னைக்குப் போயிருக்கு.” அதற்கடுத்த வாரம் போனை எடுக்கவே இல்லை. அழைப்பிதழ் மட்டும் வந்தது. அதில் எழிலரசன் படம் மூன்று இடத்தில் இருந்தது.

“இன்னாம்மா இது, குரூப் போட்டோவ காணோம், இந்தாளே குரூப்பா நிக்கிறாரு?” என்றாள் பிரியதர்ஷினி.

“வாய மூடுடி. வரட்டும், பாத்துக்கலாம்” என்றாள் தையலம்மாள். ஆனால் அன்றைக்கும் வேலைக்கு நடுவே டி.வி.க்கு மேலே இரண்டு தரம் பார்த்தாள்.

விழா வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். பத்து மணிக்கு என்று போட்டிருந்ததால் பன்னிரண்டேகாலுக்குச் சரியாகத் தொடங்கியது. வாசல் பேனரில் எழிலரசன் தலை மாட்டுவண்டிச் சக்கரம் அளவு, தாத்தா தலை தாம்பாளம் அளவு. நாடக சபாவின் மீதிப் பேர் ஓரத்தில் புளியங்கொட்டைகளாகச் சிதறிக் கிடந்தார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, கொம்யூன் பஞ்சாயத்துப் பிரமுகர்களுக்குப் பொன்னாடை எல்லாம் முடிந்தபின் எழிலரசன் திரையை விலக்கினார்.

ஆறடிப் படம். பத்தொன்பது பேரும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பியவர்கள் மாதிரி பளபளவென்றிருந்தார்கள். ராஜபார்ட்டின் கிரீடம் தங்கமாகவே ஆகிவிட்டிருந்தது. கீழே பெயர்கள். தையலம்மாள் விரலால் எண்ணினாள். தரை வரிசை, இடமிருந்து இரண்டாவது, ஏகாம்பரம். பெயருக்கு மேலே ஓர் ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு காதும் அளவெடுத்து வைத்ததுபோல. கூர் மூக்கு. சீரியலில் வரும் டாக்டர் மாதிரி நல்ல முகம்.

“தரையில உட்கார்ந்திருந்த, முகம் தெரியாத கலைஞர்களுக்கு இன்று நாம் முகம் கொடுத்திருக்கிறோம்!” என்றார் எழிலரசன். கைதட்டல். தையலம்மாளை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, பழைய சட்டத்திலேயே போட்ட படம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதிலும் அதே ஆள்.

“இது எங்கப்பா இல்லீங்க” என்றாள் தையலம்மாள்.

மைக் எழிலரசன் வாயருகே இருந்தது. “அம்மா கண்ணீரோட நன்றி சொல்றாங்க!” என்று அவர் அறிவித்தார். மறுபடி கைதட்டல்.

மேடைக்குக் கீழே கேமராவும் கையுமாக நின்ற ஜெயசீலனைப் பிரியதர்ஷினி சட்டையைப் பிடிக்காத குறையாகப் பந்திக் கூடத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது வயது, நல்ல வேலைக்காரன், பொய் சொல்லி வளர்ந்தவனில்லை. அதனால் அவன் முகம் உடனே காட்டிக்கொடுத்துவிட்டது. தையலம்மாளும் படத்தோடு பின்னாலேயே வந்துவிட்டாள்.

“எங்க தாத்தா எங்கண்ணா?”

“கண்ணாடியோட எடுத்தா வெளிச்சம் அடிக்குதுன்னு சார்தான் படத்தக் கழட்டச் சொன்னாரும்மா. அந்த ‘தானே’ புயல்ல உங்க வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?”

“ஓடு பறந்து போச்சு” என்றாள் தையலம்மாள். “சுவரெல்லாம் நனைஞ்சிச்சு.”

“அப்பவே படம் கண்ணாடில ஒட்டிக்கிச்சு போல. மெதுவாத்தான் இழுத்தேன். தரை வரிசைல மொதல் மூணு பேரு முகம் மட்டும் கண்ணாடியோட போயிடுச்சு. அந்த எடம் வெள்ளக் காயிதமாயிடுச்சும்மா.” அவன் குனிந்துகொண்டான். “சார்தான் கம்ப்யூட்டர்ல போட்டு முகம் வரவெச்சிடு, யாருக்குத் தெரியப்போவுதுன்னாரு.”

சார் சொன்னதில் தப்பில்லை. மற்ற இரண்டு பேருக்கும் கேட்க ஆளில்லை.

“நாலு மாசம் முன்னாடிதான் நல்ல கேமரா இருக்குன்னு போன் மாத்துனேன்” என்று பிரியதர்ஷினி முனகினாள். “ஒரு தடவ எடுத்து வெச்சிருக்கலாம். வூட்டுலயே இருக்கிறத யாரு எடுப்பா?” சட்டென்று நிமிர்ந்தாள். “அண்ணா, அந்தாளு செல்ஃபி எடுத்தாரே!”

“அதத்தான் மொதல்ல கேட்டு வாங்கிப் பாத்தேன். நாற்காலி வரிசை நல்லா வந்திருக்கு. கீழ்வரிசைய சாரோட தலை மறைச்சிக்கினு இருக்கு.”

தையலம்மாள் இதையெல்லாம் சரியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் மனசு ஒரே இடத்தில் நின்றிருந்தது. “முகம் கண்ணாடியில ஒட்டிக்கிச்சுன்னியே தம்பி. அந்தக் கண்ணாடி எங்க? அதக் குடு. அதுல இருக்கும் இல்ல?”

ஜெயசீலன் முகம் தெளிந்தது. அன்றைக்கு அவன் சந்தோஷமாகச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் அது.

“அத வீணாக்கலம்மா! அந்தக் காலத்துக் கண்ணாடி, கனம், இப்பல்லாம் கெடைக்காது. ஒட்டிக்கினு இருந்தத பிளேடால சுரண்டி, சோப்பு போட்டுக் கழுவி, உங்க கையில இருக்கிற படத்துக்கே மாட்டியிருக்கேன். பாருங்க, ஒரு கீறல் இல்ல.”

உண்மைதான், ஒரு கீறல் இல்லை. தையலம்மாள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். கையின் வேர்வை கொஞ்ச நேரம் அதில் பூத்திருந்து மறைந்தது.

பிரியதர்ஷினி கத்த ஆரம்பித்தாள். தையலம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். “நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சிருக்குது அந்தத் தம்பி” என்றாள். பிறகு ஜெயசீலனிடம், “அந்தப் பழைய காயிதம் இருக்கா?”

அவன் பைக்கில் ஓடிப்போய்க் காக்கி உறையில் கொண்டுவந்தான். அதற்குள் விஷயம் எட்டி, எழிலரசனும் பாயசக் கப்போடு வந்து சேர்ந்தார். உறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதுல ஆளே இல்லையேம்மா! புதுசுல எவ்வளவு லட்சணமா இருக்காரு. சிரிக்கணுமா? சொல்லுங்க, சிரிக்க வெச்சிடுவோம். அஞ்சு நிமிஷ வேலை. இல்லப்பா ஜெயசீலா?”

தையலம்மாள் சட்டம் போட்ட படத்தை எழிலரசன் கையில் கொடுத்தாள். பொன்னாடையை மடித்து அதன்மேல் வைத்தாள். அவருக்குப் பாயசக் கப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மத்தியான பஸ்ஸில் கூட்டமில்லை. பாதி வழியில் தையலம்மாள் உறையிலிருந்து படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்துக்கு மேலே பொருக்குதட்டிய வெள்ளை. கீழே எல்லாம் அப்படியே இருந்தது. சட்டை, சம்மணம், முழங்காலில் வைத்த கை. அறுபது வருஷமாக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கையைப் பார்க்கத் தோன்றியதே இல்லை. கண்ணாடியும் அழுக்கும் இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறாள்.

பிரியதர்ஷினியும் குனிந்தாள். “அம்மா, வெரலுக்கு நடுவுல இன்னா அது? பீடியா?”

பீடிதான். பின்னால் நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருக்க, அவர் கண்ணில் படாமல் உள்ளங்கையைக் குவித்து ஒளித்திருந்தது. லேசாக ஒரு புகைகூட இருந்தது.

“அடப்பாவி மனுசா” என்றாள் தையலம்மாள். “உங்கப்பன் பீடிய கையால தொட்டதில்லன்னு எங்கம்மா சாவுற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்துச்சேடி!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிக்கொண்ட மனிதர் என்ன முழி முழிக்கிறார் என்று பார்க்க, பழக்கத்தில், கண்ணைக் கையிலிருந்து மேலே கொண்டுபோனாள்.