பி-யில் தொடங்கும் எட்டுச் சொற்கள்

ஸ்வர்ணலதாவுக்கு இங்கிலீஷ் மேல் ஆசை எதுவும் இல்லை. உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தி. நகரில் அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் இரண்டாம் மாடி காட்டன் சேலைகளுக்கு. காலை ஒன்பதரைக்குக் கவுண்டரில் நின்றால் இரவுவரை நிற்க வேண்டும். ஆறு வருஷத்தில் முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகப் புடைத்துவிட்டது. நான்காம் மாடியில் பட்டு. அங்கே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்துதான் சேலையை விரித்துக் காட்டுவார்கள். அங்கே ஓர் இடம் காலியானதும் ஸ்வர்ணலதா கேட்டுப் பார்த்தாள். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற மாடி, இங்கிலீஷ் பேசுகிறவளைத்தான் அனுப்புவேன் என்று சூப்பர்வைசர் சுயம்புலிங்கம் சொல்லிவிட்டார்.

அதனால் தினமும் காலை ஏழு மணிக்கு ராயப்பேட்டையில் புஷ்ராவின் வகுப்பு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. புஷ்ரா நான்கு வருஷம் கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, தூக்கம் கெட்டு, ஒருநாள் பாதியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள். இடம் காட்டும் சொற்களை அவள் எழுத்து வாரியாகப் பிரித்து நடத்தினாள். அந்த வாரம் பி: பிஃபோர், பிஹைண்ட், பிலோ, பினீத், பிசைட், பிட்வீன், பியாண்ட், பை.

ஸ்வர்ணலதா ஒவ்வொன்றையும் மனசுக்குள் கடையில் ஓர் இடத்தில் மாட்டி வைத்தாள். சேலை மடிப்புக்கு நடுவே வைக்கும் தாள் பிட்வீன். ஆளுயரக் கண்ணாடிக்குப் பின்னால் பிஹைண்ட். அடித்தட்டு பிலோ. பை மட்டும் படுத்தியது. பை சிக்ஸ் என்றால் ஆறு மணிக்குள், பை த விண்டோ என்றால் ஜன்னலோரம், பை ஹேண்ட் என்றால் கையால். ஒரே சொல்லுக்கு இத்தனை வேலையா என்று வகுப்பில் கேட்டாள்.

"அங்கயும் ஆள் பத்தல போலக்கீது" என்றாள் புஷ்ரா.

பஸ்ஸில் திரும்பும்போது ஸ்வர்ணலதா யோசித்தாள். தமிழில் 'கண்ணாடிக்குப் பின்னால்' என்று பொருளைச் சொல்லிவிட்டுத்தான் இடத்தைச் சொல்கிறோம். இங்கிலீஷில் 'பிஹைண்ட் த மிர்ரர்', இடம்தான் முதலில். முன்னால், பின்னால், கீழே என்று தீர்ந்த பிறகுதான் ஆள் யார் என்ற பேச்சே வருகிறது. கடையும் அப்படித்தான் இருந்தது.

மறுவாரம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் வெளிநாட்டிலேயே வளர்ந்தவள், தமிழ் வராது. சுயம்புலிங்கம் ஸ்வர்ணலதாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் தூணருகே போய் நின்றார். இதுதான் பரீட்சை என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் நன்றாகவே பேசினாள். பச்சைச் சேலை அடித்தட்டில் இருக்கிறது என்றாள். இரண்டு நீலத்துக்கும் நடுவில் இருப்பது கைத்தறி என்றாள். தாய் கண்ணாடிப் பக்கம் போனதும், நாற்காலியில் இருந்த மகள் பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

"ப்ளீஸ், சிட் பிசைட் மீ."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் புரிந்தது. பட்டு மாடி தவிர வேறெங்கும் வாடிக்கையாளர் முன் உட்காரக் கூடாது. வாடிக்கையாளரிடம் 'இல்லை', 'வேண்டாம்' இரண்டும் வாயில் வரவும் கூடாது. கேட்ட நிறம் இல்லாவிட்டாலும் "வரும்மா" என்று வேறு நிறத்தை விரிக்க வேண்டும். சேர்ந்த அன்றே சொல்லித் தந்த பாடம் அது. ஆறு வருஷமாக வராத 'வேண்டாம்' அப்போதும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். மடியில் சேலையை விரித்து முந்தானையைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏழு நிமிஷம் இருக்கும். கால் நரம்பெல்லாம் மெதுவாக அவிழ்ந்தது.

நான்கு சேலை எடுத்துக்கொண்டு அவர்கள் போன பிறகு சுயம்புலிங்கம் வந்தார்.

"ஏம்மா, கஸ்டமருக்குச் சரிக்குச் சரியா உக்காந்திருக்க?"

"அவங்கதான் உக்காரச் சொன்னாங்க அண்ணாச்சி. வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய."

"அதுக்கு? சிரிச்சிட்டே நிக்கத் தெரியாதா? மேல, மூணாவது கவுண்டர் ஷண்முகப்ரியா போகட்டும்."

இங்கிலீஷில் தப்பு இருந்ததா என்று கேட்டாள்.

"இங்கிலீஷுக்கு என்ன, நல்லாத்தான் பேசுத."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கால் வலியை இந்த ஆளிடம் அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. உட்காருவதற்கு வேறொரு பாஷை வேண்டும் என்று நினைத்து விடியற்காலையில் பஸ் ஏறியிருக்கிறாள்.

"கால் வீங்குது அண்ணாச்சி. அதுக்காகத்தான் மேல போகணும்னு கேட்டேன். நாளையில இருந்து மத்தியானம் பத்து நிமிஷம் உக்காருவேன்."

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். கீழிருந்து யாரோ கூப்பிடவும் போய்விட்டார்.

ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு ஸ்டூல் உண்டு, கடை ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்ற சட்டத்துக்காக வாங்கிப் போட்டது. அவள் கவுண்டர் ஸ்டூல்மேல் எப்போதும் பிளவுஸ் துணி அடுக்கியிருக்கும். மறுநாள் மூன்று மணிக்கு அந்தத் துணிகளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் கவுண்டர்க்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். சுயம்புலிங்கம் அந்த வழியாக வந்தார், பார்த்தார், நடை தயங்கியது, போனார். பத்து நிமிஷம் ஆனதும் அவளாகவே எழுந்தாள். அடுத்த நாளும் உட்கார விடுவார்களா என்பது அடுத்த நாள்தான் தெரியும்.